மழை பெய்யலையா, அளக்கலையா? பெர்ல் நிரலின் ‘அன்இனிஷியலைஸ்டு’ எச்சரிக்கையைப் படிக்கும் முறை

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். நிரல் வரிகளைப் படிப்பதற்கு வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க. “பெர்ல் ஸ்கிரிப்ட் ஓடுது, விடையும் வருது, ஆனா திரை முழுக்க ‘அன்இனிஷியலைஸ்டு வேல்யூ’ன்னு எச்சரிக்கை கொட்டுது. இதை எப்படி நிறுத்துறது?”

நிறுத்துறது ரொம்ப சுலபம். நானும் ஒரு தடவை நிறுத்தினேன். அப்படி நிறுத்தினதால என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்றேன். இந்த எச்சரிக்கை எதுக்கு வருதுன்னு புரிய அதைவிட நல்ல உதாரணம் என்கிட்ட இல்லை.

மாண்டஸ் கரையைக் கடந்த ராத்திரி

செங்கல்பட்டுல இருந்து மாமல்லபுரம், கோவளம் வரைக்கும் சில நண்பர்கள் வீட்டு மொட்டைமாடியில மழைமானி வெச்சிருக்காங்க. தினமும் காலையில எட்டரை மணிக்கு அளந்து எழுதுவாங்க. வானிலைத் துறையோட வழக்கமும் அதுதான்: முந்தின நாள் காலை 8.30-ல இருந்து இன்னைக்குக் காலை 8.30 வரை பெய்த மழை, இன்றைய தேதியில பதிவாகும். இவங்க எழுதினதை ஒருத்தர் விரிதாள்ல ஏத்தி, காற்புள்ளி பிரிச்ச கோப்பா எனக்கு அனுப்புவார். ஒரு வரியில நாலு விஷயம்: தேதி, ஊர், மழை மில்லிமீட்டர்ல, குறிப்பு. மாச மொத்தம், சராசரி போட நான் ஒரு பெர்ல் நிரல் எழுதியிருந்தேன்.

2022 டிசம்பர் 9-ஆம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துல கரையைக் கடந்தது. அந்த ராத்திரி பெய்த மழை, இப்ப சொன்ன கணக்குப்படி, டிசம்பர் 10 வரியில வரணும்.

மாசம் முடிஞ்சதும் நிரலை ஓட்டினேன். வரிசையா எச்சரிக்கை. வேலை அவசரத்துல இருந்தேன். நிரலோட தலையில ‘நோ வார்னிங்ஸ்’னு ஒரு வரி போட்டேன். திரை அமைதியாச்சு. பட்டியலைக் குழுவுல போட்டுட்டேன். ரெண்டு பேர் அதை அச்செடுத்து, ஊர் ஏரிப் பாசனக் கூட்டத்துக்கு எடுத்துட்டும் போயிட்டாங்க.

மாமல்லபுரத்துல அளக்கிறவங்க ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். அவங்க போன் பண்ணினாங்க.

“தம்பி, பத்தாம் தேதி எங்க ஊருக்கு மழை பூஜ்யம்னு போட்டிருக்கியே?”

“நீங்க கொடுத்த கணக்குதான் டீச்சர்.”

“நான் எங்கப்பா கொடுத்தேன்? மழைமானி காத்துல போயிடுச்சு. அன்னைக்கு நான் அளக்கவே இல்லை. நோட்டுலயும் இடம் விட்டுத்தான் வெச்சிருக்கேன். புயல் எங்க வாசல்ல வந்து ஏறின அன்னைக்கு, எங்க ஊர்ல ஒரு சொட்டு மழை இல்லைன்னு எழுதி வெச்சிருக்கே நீ.”

எனக்குப் பதில் இல்லை. அவங்க நோட்டுல காலி இடம் இருந்தது. விரிதாள்லயும் காலிதான். அந்தக் காலியை பூஜ்யமா மாத்தினது என் நிரல். மாத்தும்போது பெர்ல் என்கிட்ட சொல்லவும் சொன்னது. நான்தான் அதோட வாயை அடைச்சேன்.

பெர்ல் ஏன் நிக்காம ஓடுது?

லாரி வால் 1987-ல பெர்லை வெளியிட்டப்போ, உரைக் கோப்புகளைப் படிச்சு அறிக்கை தயாரிக்கிறதுதான் அதோட முக்கிய வேலை. ஆக் மாதிரியான பழைய யூனிக்ஸ் கருவிகள்ல ஒரு வழக்கம் இருந்தது: மதிப்பே கொடுக்காத மாறியை எண்ணா பயன்படுத்தினா பூஜ்யம், சரமா பயன்படுத்தினா வெற்றுச் சரம். பெர்லும் அதையே எடுத்துக்கிச்சு. மதிப்பு இல்லாத நிலைக்கு பெர்ல்ல ‘அன்டெஃப்’னு பேர். அன்டெஃப்போட 5-ஐக் கூட்டினா 5 வரும். நிரல் நிக்காது.

மத்த இடங்கள்ல எப்படின்னு பாருங்க. பைத்தான்ல ‘நன்’னோட 5-ஐக் கூட்டினா நிரல் அங்கேயே பிழை காட்டி நின்னுடும். எஸ்க்யூஎல்ல ‘நல்’லோட 5-ஐக் கூட்டினா விடையும் நல். ஆர் மொழியில ‘என்ஏ’ ஒண்ணு உள்ளே வந்தா, நீங்க விலக்கச் சொல்ற வரைக்கும் மொத்தமும் என்ஏதான். விரிதாள்ல சராசரி எடுத்தா காலி அறையைக் கணக்குலயே சேர்க்காது. ‘தெரியாது’ங்கிற ஒரு விஷயத்தை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி கையாளுறாங்க. பெர்ல் பூஜ்யமா எடுத்துக்கிட்டு, “இப்படி எடுத்துக்கிட்டேன், பரவாயில்லையா?”ன்னு எச்சரிக்கை மூலமா கேட்குது. அந்த எச்சரிக்கை மட்டும்தான் நமக்கும் தவறான விடைக்கும் நடுவுல இருக்கிற ஒரே தடுப்பு.

அதனால ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’, ‘யூஸ் வார்னிங்ஸ்’ ரெண்டும் நிரலோட தலையில எப்பவும் இருக்கணும். ‘யூஸ் வார்னிங்ஸ்’ 2000-ல வந்த 5.6 பதிப்புல சேர்ந்தது. அதுக்கு முன்னாடி கட்டளை வரியில டபிள்யூ கொடி போடுவாங்க. 2022-ல வந்த 5.36-ல, ‘யூஸ் வி5.36’னு எழுதினாலே ரெண்டும் தானா வந்துடும்.

எச்சரிக்கை வரியை முழுசா படிங்க

நிறைய பேர் பண்ற தப்பு, முதல் நாலு சொல்லைப் பார்த்துட்டு மீதியை விட்டுடுறது. என் நிரல்ல கூட்டுற வரி இது:

$மொத்தம் = $மொத்தம் + $மழை;

(மாறிக்குத் தமிழ்ல பேர் வைக்கலாமான்னு கேட்காதீங்க. ‘யூஸ் யூடிஎஃப்8’ போட்டா வைக்கலாம்.)

வந்த எச்சரிக்கையைத் தமிழ் எழுத்துல எழுதினா இப்படி இருக்கும்:

யூஸ் ஆஃப் அன்இனிஷியலைஸ்டு வேல்யூ $மழை இன் அடிஷன் (+) அட் மழை.பிஎல் லைன் 37, <$கோப்பு> லைன் 214.

இதுல நாலு தகவல் இருக்கு.

ஒண்ணு, எந்த மாறி: $மழை. 5.10 பதிப்புல இருந்துதான் பெர்ல் பேரைச் சொல்லுது. பழைய சர்வர்ல வேலை செய்றவங்களுக்குப் பேர் வராது, வரி எண் மட்டும்தான். புதுப் பதிப்புலயும் கோவை ரொம்ப சிக்கலா இருந்தா சில சமயம் பேர் வராது. அப்போ அந்த வரியை ரெண்டு மூணு சின்ன வரியாப் பிரிச்சு எழுதுங்க, வந்துடும்.

ரெண்டு, என்ன வேலை பண்ணும்போது: கூட்டல். இதே மாறியை அச்சிடும்போது வந்திருந்தா அந்த இடத்துல ‘பிரிண்ட்’னு இருக்கும், சரத்தோட ஒட்டும்போதுன்னா ‘கான்கேட்டினேஷன்’. ஒரே வரியில நாலு வேலை நடந்தா எங்கே கோளாறுன்னு கண்டுபிடிக்க இது உதவும்.

மூணு, நிரலோட வரி எண்: 37. ஒரே கூற்று நாலஞ்சு வரிக்கு நீண்டிருந்தா, பெரும்பாலும் அது தொடங்குற வரியைத்தான் காட்டும். அதனால 37-ஐச் சுத்தியும் பாருங்க.

நாலாவதுதான் முக்கியம், யாரும் கவனிக்காததும் அதுதான்: கோப்போட வரி எண், 214. அந்த நேரத்துல நிரல் தரவுக் கோப்புல எந்த வரியைப் படிச்சிட்டிருந்ததுன்னு அது சொல்லுது. நான் அன்னைக்குக் கோப்பைத் திறந்து 214-ஆவது வரிக்குப் போயிருந்தா, ‘10-12-2022, மாமல்லபுரம்’, அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லைன்னு ஒரு நிமிஷத்துல பார்த்திருப்பேன். 37-ஆம் வரியில தப்பே இல்லை. கோளாறு தரவுல இருந்தது.

நூத்துக்கணக்குல எச்சரிக்கை வந்தா பயப்படாதீங்க. முதல்ல வந்த ஒண்ணை மட்டும் பாருங்க. பின்னாடி வர்றதுல பாதி அதோட வாரிசுகள்தான். சோதனை ஓட்டத்துல, இந்த வகை எச்சரிக்கையை ‘ஃபேட்டல்’ ஆக்கினா முதல் எச்சரிக்கையிலேயே நிரல் நின்னுடும். எச்சரிக்கை ஒரு ஃபங்ஷனுக்குள்ள வருது, அதை யார் கூப்பிட்டாங்கன்னு தெரியணும்னா சிபேன்ல ‘கார்ப் ஆல்வேஸ்’னு ஒரு மாட்யூல் இருக்கு. கூப்பிட்ட பாதை முழுசையும் காட்டும்.

இன்னொண்ணு: எச்சரிக்கை வழக்கமான வெளியீட்டுல வராது, பிழை வெளியீட்டுல வரும். ராத்திரி கிரான்ல ஓடுற நிரலுக்குப் பிழை வெளியீட்டை டெவ் நல்லுக்குத் தள்ளியிருந்தா, ‘நோ வார்னிங்ஸ்’ போட்ட அதே கதிதான்.

காலி எங்கே இருந்து வருது?

என் நிரலைப் பிறகு உட்கார்ந்து அலசினப்போ மூணு காரணம் கிடைச்சது. மூணுமே நீங்க அடிக்கடி சந்திக்கப் போறதுதான்.

முதல் காரணம் ஸ்ப்ளிட். காற்புள்ளியில வரியைப் பிரிக்கும்போது, கடைசியில இருக்கிற வெற்றுப் புலங்களை ஸ்ப்ளிட் தானா வெட்டிப் போட்டுடும். டீச்சரோட வரியில மழையும் காலி, குறிப்பும் காலி. அதனால நாலு புலத்துக்குப் பதிலா ரெண்டுதான் வந்தது. மூணாவது இடமே இல்லை, அதைக் கேட்டா அன்டெஃப்.

இப்ப அதே மாதிரி இன்னொரு வரி. அங்கேயும் மழை காலி, ஆனா குறிப்புல ‘ஊர்ல இல்லை’ன்னு எழுதியிருக்கு. அங்கே கடைசிப் புலம் நிரம்பியிருக்கிறதால ஸ்ப்ளிட் எதையும் வெட்டாது. மழைக்கு வெற்றுச் சரம் கிடைக்கும். அது அன்டெஃப் இல்லை. எச்சரிக்கையும் வேற: ‘எண் மாதிரி இல்லை’ன்னு வரும். ஒரே விஷயம், அளக்கலைங்கிறது, ரெண்டு வேற எச்சரிக்கையா வருது. ரெண்டுமே கடைசியில பூஜ்யமாத்தான் சேருது. ஸ்ப்ளிட்டுக்கு மூணாவது மதிப்பா -1 கொடுத்தா கடைசி வெற்றுப் புலங்களும் தப்பிக்கும், ரெண்டு வரியும் ஒரே மாதிரி நடந்துக்கும். குறிப்புக்குள்ளேயே காற்புள்ளி வரும்னா ஸ்ப்ளிட்டை விட்டுட்டு ‘டெக்ஸ்ட் சிஎஸ்வி’க்குப் போயிடுங்க.

ரெண்டாவது காரணம் ஊர்ப் பேர். ஊர் வாரியா மொத்தத்தை ஒரு ஹாஷ்ல வெச்சிருந்தேன். பட்டியல்ல ‘மாமல்லபுரம்’. ஒருத்தர் ஏத்தும்போது ‘மகாபலிபுரம்’. ‘செங்கல்பட்டு’ன்னு ஒரு வரி, ‘செங்கற்பட்டு’ன்னு இன்னொரு வரி. நமக்கு ஒரே ஊர், ஹாஷுக்கு வேற வேற சாவி. மாவட்டம் வெச்சுத் தேடினாலும் இதே கதைதான்: 2019 நவம்பர்ல காஞ்சிபுரத்துல இருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிஞ்சது, அதுக்கு முந்தின வரிகள்ல பழைய மாவட்டப் பேர். இல்லாத சாவியைக் கேட்டா பெர்ல் அன்டெஃப்தான் தரும்.

தமிழ்ல இன்னொரு கண்ணி இருக்கு. ‘கோவளம்’. இதுல ‘கோ’வை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம்: ஓகாரக் குறி ஒரே எழுத்தா, இல்லைன்னா இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியா. திரையில ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். நான் கால் மணி நேரம் ரெண்டு கோவளத்தையும் முறைச்சுப் பார்த்துட்டிருந்தேன். ‘யூனிகோட் நார்மலைஸ்’ மாட்யூல்ல இருக்கிற என்எஃப்சி வழியா எல்லாப் பேரையும் ஓட்டினப்புறம்தான் ஒண்ணாச்சு.

இங்கே ஒரு எச்சரிக்கை, எச்சரிக்கையைப் பத்தியே. += மாதிரி கூட்டி வைக்கிற செயலியில இடது பக்கம் அன்டெஃப்பா இருந்தா பெர்ல் வாய் திறக்காது. புது எண்ணிக்கையைப் பூஜ்யத்துல தொடங்க வசதியா அப்படி வெச்சிருக்காங்க. அதனால ரெண்டு கோவளத்துக்கும் ரெண்டு தனி மொத்தம் சத்தமே இல்லாம உருவாகும். எச்சரிக்கை வரலைன்னா எல்லாம் சரின்னு அர்த்தம் இல்லை.

மூணாவது காரணம் என் சொந்த ஃபங்ஷன். மழை அளவைச் சுத்தம் பண்ணித் தர்ற ஃபங்ஷன்ல ஒரு கிளையில வெறும் ‘ரிட்டர்ன்’னு மட்டும் எழுதியிருந்தேன். அது அன்டெஃப்பைத் திருப்பும். தப்பு இல்லை, ஆனா கூப்பிடுற இடத்துல அதைச் சோதிக்கணும். நான் சோதிக்கலை.

சந்தேகம் வந்தா ‘டேட்டா டம்பர்’ல மாறியை அச்சிட்டுப் பாருங்க. சாதாரணமா அச்சிட்டா அன்டெஃப்பும் வெற்றுச் சரமும் ஒரே மாதிரி காலியாத் தெரியும். டம்பர் ரெண்டையும் பிரிச்சுக் காட்டும்.

அவசரத் திருத்தங்கள்

இந்த எச்சரிக்கையைப் பத்தித் தேடினா முதல்ல கிடைக்கிற அறிவுரை: || 0 போடுங்க. அதாவது ‘மதிப்பு இல்லைன்னா பூஜ்யம்’. எச்சரிக்கை போயிடும். ஆனா யோசிச்சுப் பாருங்க, டீச்சர் திட்டினது இதைத்தானே? பெர்ல் தயங்கித் தயங்கி பண்ணின தப்பை, நாம கையெழுத்துப் போட்டுப் பண்றோம்.

எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் இருக்கு. ‘மதிப்பு இல்லைன்னா அளவு இல்லைன்னு அச்சிடு’ன்னு || வெச்சு எழுதினா, உண்மையிலேயே மழை பெய்யாத நாள்ல இருக்கிற 0-வும் பொய்யா எடுத்துக்கப்பட்டு ‘அளவு இல்லை’ன்னு வந்துடும். அதுலயும் விசேஷம்: கோப்புல 0-ன்னு இருந்தா பெர்லுக்குப் பொய், 0.0-ன்னு இருந்தா அந்தச் சரம் மெய். ரெண்டு பேர் ரெண்டு மாதிரி எழுதினா, ஒரே வறண்ட நாள் ரெண்டு விதமா அச்சாகும்.

இதுக்காகத்தான் 2007-ல வந்த 5.10-ல // செயலி சேர்ந்தது. அது ‘பொய்யா?’ன்னு கேட்காது, ‘அன்டெஃப்பா?’ன்னு மட்டும் கேட்கும். பூஜ்யத்தைத் தொடாது. அச்சிடுற இடத்துல இது சரியான கருவி. ஆனா // 0-ன்னு கூட்டல்ல போட்டா மறுபடியும் பழைய தப்புதான்.

‘நோ வார்னிங்ஸ்’ எப்பவுமே கூடாதுன்னு சொல்லலை. காலி சரம் வந்தாலும் பரவாயில்லைன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரு அச்சு வரி இருந்தா, அதை அடைப்புக்குறிக்குள்ள போட்டு, அந்த அடைப்புக்குள்ள மட்டும், ‘அன்இனிஷியலைஸ்டு’ வகையை மட்டும் நிறுத்துங்க. நான் பண்ணின மாதிரி கோப்போட தலையில போடாதீங்க.

நான் கடைசியா மாத்தினது

திருத்த வேண்டிய இடம் 37-ஆம் வரி இல்லை. தரவு உள்ளே நுழையுற வாசல். இப்ப என் நிரல் ஒவ்வொரு வரியைப் படிச்சதும் மூணு கேள்வி கேட்கும். மழைப் புலத்துல எண் இருக்கா? ‘ஸ்கேலர் யூடில்’ல இருக்கிற ‘லுக்ஸ் லைக் நம்பர்’ இதைச் சொல்லிடும். எண் இருந்தா கூட்டு, அளந்த நாள் எண்ணிக்கையில ஒண்ணு ஏத்து. ‘அ.இ.’ன்னு இருக்கா? அளவு இல்லைன்னு அர்த்தம். கூட்டாதே, விடுபட்ட நாள்ல ஒண்ணு ஏத்து. ரெண்டும் இல்லையா? நில்லு, கோப்போட வரி எண்ணைச் சொல்லு.

ஊர்ப் பேருக்கு ஒரு சின்ன அட்டவணை: மகாபலிபுரம் வந்தா மாமல்லபுரம், செங்கற்பட்டு வந்தா செங்கல்பட்டு. அட்டவணையில இல்லாத பேர் வந்தாலும் நின்னுடும்.

அறிக்கையில முன்னாடி ஊருக்கு ஒரு எண். இப்ப மூணு: மொத்தம், அளந்த நாள், விடுபட்ட நாள். சராசரியை மாசத்தோட 31 நாளால வகுக்கிறது இல்லை, அளந்த நாளால வகுக்கிறேன். விடுபட்ட நாள் ஒண்ணு இருந்தாலும் மொத்தத்துக்கு முன்னாடி ‘குறைந்தது’ன்னு போடுது. மாமல்லபுரத்துக்கு அந்த டிசம்பர் இப்ப ‘குறைந்தது’ன்னுதான் நிக்குது. புயல் ராத்திரி எவ்வளவு பெய்ததுன்னு அந்த மொட்டைமாடியில யாரும் அளக்கலை. அது இனி கிடைக்காது. கிடைக்காதுங்கிறதையாவது பட்டியல் உண்மையாச் சொல்லுது.

திருத்தின பட்டியலை, பழசை வாங்கிட்டுப் போன ரெண்டு பேருக்கும் முதல்ல அனுப்பினேன். அப்புறம் டீச்சருக்கு. அவங்க பார்த்துட்டு, “இது சரி. நான் விட்ட இடத்தை நீயும் விட்டிருக்கே”ன்னாங்க. இப்ப புது மழைமானி வாங்கி, கைப்பிடிச் சுவர் மேல கம்பி போட்டுக் கட்டி வெச்சிருக்காங்க. நோட்டுலயும் காலி விடுறது இல்லை, ‘அ.இ.’ன்னு எழுதுறாங்க.

இந்த வாரம் உங்ககிட்ட இருக்கிற பழைய நிரல் ஒண்ணைத் திறங்க. || 0-ன்னு எங்கெல்லாம் இருக்குன்னு தேடுங்க. ஒவ்வொண்ணுலயும் அந்த பூஜ்யம் உண்மையிலேயே பூஜ்யமா, இல்லை யாரோ அளக்காம விட்ட இடமான்னு கேட்டுப் பாருங்க. கிடைச்சதை எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.